விசில் இல்லாத இரண்டு நிமிடம்

என் மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு என்னுடையவை அல்ல. பத்தொன்பது வயதில், கண்டியில் ஓர் அரையிறுதி ஹொக்கி ஆட்டத்தில், எதிரணிப் பெண் ஓங்கிய மட்டை என் வாயில் இறங்கியது. புல்லில் கிடந்த இரண்டு பற்களைப் பொறுக்கிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வாயில் துணியை அடைத்துக்கொண்டு, மீதி ஆட்டத்தையும் ஆடினேன். என்னைத் தெரிந்த ஹொக்கிக்காரர்கள் இன்றைக்கும் என்னைப் பற்றிச் சொல்லும் கதை அதுதான்.

நான் யாரிடமும் சொல்லாத கதை ஒன்று உண்டு. மூன்று வருடம் கழித்து, வேறொரு மைதானத்தில், வேறொரு பெண்ணின் மணிக்கட்டை நான் உடைத்தேன். பந்து அப்போது எங்கள் பக்கத்திலேயே இல்லை. நடுவர் பார்க்கவில்லை. எங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கை தட்டினார்கள்.

அப்படிக் கை தட்டியவர்களில் ஒருவர், அப்போது எங்கள் அணியின் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்த ஆள்தான், இருபது வருடம் கழித்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் இப்போது ஒரு தனியார் கம்பனியின் பெண்கள் அணிக்குப் பயிற்றுவிப்பாளர். அந்த அணியில் சேரும் பெண்களுக்குக் கம்பனி வேலைக் கடிதம் கொடுக்கும். மாதச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு. செய்ய வேண்டிய வேலை ஹொக்கி ஆடுவது மட்டும்தான். இலங்கையில் ஒரு பெண் மட்டையைப் பிடித்து வயிறு வளர்க்க அதுபோன்ற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

"நங்கி, இந்த முறை தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளும் வருது. எனக்கு உங்கட பாஷை வராது. நீ வந்து என்னோட உட்காந்து மார்க்ஸ் போடு" என்றார். எங்கள் பேச்சு எப்போதும் சிங்களத்தில்தான். தங்கை என்ற அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் பதினைந்து வருடமாகக் கோப்புக் கட்டிக்கொண்டிருந்தவளை யாரோ மறுபடியும் ஆட்டக்காரி என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள். உடனே சரி என்றேன்.

தேர்வு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. பேராதனைப் பக்கத்தில் ஒரு புல்மைதானம். ஒரு கோல் கம்பத்துக்கு முன்னால் புல்லே இல்லை, சிவந்த மண். முதல் ஞாயிறு பதினேழு பெண்கள் வந்தார்கள். எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் அட்டையில் செருகிய தாளும் தந்தார்கள். தாளில் ஐந்து கட்டங்கள். பந்தை நிறுத்துவது, அடிப்பது, ஓட்டம், ஆட்டத்தைப் படிப்பது. கடைசிக் கட்டத்தின் தலையில் 'ஹய்ய' என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. பலம் என்று சொல்லலாம், திடம் என்றும் சொல்லலாம்.

"முதல் நாலையும் நான் ஆறு மாசத்துல பழக்கிருவேன். கடைசிய மட்டும் யாராலயும் பழக்க ஏலாது. அதப் பார்த்து மார்க்ஸ் போடு" என்றார் பயிற்றுவிப்பாளர்.

அதைப் பார்ப்பதற்கென்று அவரிடம் ஒரு பயிற்சி இருந்தது. சுண்ணாம்புக் கோட்டால் ஒரு குறுகலான கட்டம், தோட்டத் தொழிலாளர் லயத்து வீடொன்றின் நீள அகலம்தான் இருக்கும். உள்ளே இரண்டு பெண்கள், ஒரு பந்து. இரண்டு நிமிடம். விசில் கிடையாது. கோட்டைத் தாண்டாமல் முடிவில் பந்தை யார் வைத்திருக்கிறாளோ அவள் வென்றாள். தள்ளலாம், தடுக்கலாம், காலில் மட்டை பட்டாலும் யாரும் நிறுத்தமாட்டார்கள்.

நான் ஆடிய காலத்திலும் இப்படித்தான் எங்களைப் பழக்கினார்கள். ஓடத் தாமதித்தால் கெண்டைக்காலில் மட்டையால் அடி விழும். அந்த நீலத் தழும்புகளை நாங்கள் ஒருத்திக்கொருத்தி காட்டிப் பெருமைப்படுவோம். அதனால் அந்தக் கட்டத்துக்குள் நடந்தது எனக்குப் புதிதாகப் படவில்லை. முதல் ஞாயிறே ஒருத்திக்குச் சுண்டுவிரல் பிசகியது. ஒருத்தி முழங்காலில் தோல் உரிந்து, மண் ஒட்டி, அழுதுகொண்டே வெளியே வந்தாள். அழுதவளின் கடைசிக் கட்டத்தில் இரண்டு போட்டேன்.

அந்தப் பதினேழு பேரில் இருவர் என் கண்ணில் நின்றார்கள்.

ஒருத்தி கலஹாவில் இருந்து வந்தவள். மெலிந்த உடம்பு, இரட்டைப் பின்னல். வேகமாக வரும் பந்து அவள் மட்டையில் பட்டதும் சத்தமில்லாமல் நின்றுவிடும். நான் பார்த்த எந்தப் பெண்ணுக்கும், நான் உட்பட, அந்தக் கை இருந்ததில்லை. விசில் இல்லாத கட்டத்துக்குள் அவளை விட்டபோது, எதிரே வந்தவள் தோளால் மோத வந்தாள். இவள் அரையடி ஒதுங்கினாள். வந்தவள் காற்றில் மோதிக் குப்புற விழுந்தாள். இவள் பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு இரண்டு நிமிடமும் ஒதுங்கி ஒதுங்கியே நின்று வென்றாள்.

"பயந்தாங்கொள்ளி. உடம்பக் குடுக்கமாட்டேங்கிறா பாரு" என்றார் பயிற்றுவிப்பாளர்.

மற்றக் கட்டங்களில் ஒன்பதும் எட்டுமாகப் போட்டிருந்த நான், கடைசிக் கட்டத்தில் மூன்று போட்டேன்.

மற்றவள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வந்தவள். பின்னிலை ஆட்டக்காரி. அகன்ற தோள், பெரிய கைகள், இரவல் சப்பாத்து. கட்டத்துக்குள் போனதும் எதிரியைப் பார்க்காமல் பந்தை நோக்கி நேராக நடந்தாள். வழியில் நின்ற பெண் தூக்கி எறியப்பட்டதுபோல் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள். பயிற்றுவிப்பாளர் என் முழங்கையில் தட்டினார். நான் ஒன்பது போட்டேன்.

இரண்டாவது ஞாயிறு ஒன்பது பேர் மிஞ்சினார்கள். காலையிலிருந்தே தூறல். இடைவேளையில் மடுல்கெல்லப் பெண் பிளேன்டீக் கோப்பையோடு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"போன வாரம் அந்தப் புள்ள போயி விழுந்திச்சே. பஸ்ஸுல போறப்ப பூரா அதே நெனப்பு. வெளையாட்டுல அப்படி இடிக்கலாங்களா?"

அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்து அப்படியொரு கேள்வி வந்தது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றுகூடச் சொல்ல வேண்டும். நான் கொடுத்த ஒன்பது தப்பாகிவிடுமோ என்று பயந்தேன்.

"இங்க பாரு. நாலு பேர்தான் எடுக்கப்போறாங்க. அடுத்த வாரம் கம்பனி மனேஜர் வர்றாரு. உனக்கு எதிரே அந்தக் கலஹாப் புள்ளையத்தான் விடுவாங்க. பந்துக்குப் பின்னால ஓடினா நீ தோத்துட்ட. அவ வேகத்துக்கு உன்னால முடியாது. மொதத் தடவையே நீ இருக்கேங்கறது அவளுக்குத் தெரியணும்."

"எப்படிங்க மிஸ்?"

நான் எழுந்தேன். அவள் மட்டையை வாங்கினேன். பந்தை அடிப்பதுபோலக் கீழே வீசி, அடித்த பிறகு மட்டையை நிறுத்தாமல் தோளோடு சேர்த்து மேலே கொண்டுபோவது எப்படி என்று செய்து காட்டினேன். அப்படி வரும் மட்டைக்கு முன்னால் எவளும் இரண்டாவது தடவை கிட்ட வரமாட்டாள். நடுவர் கேட்டால் பந்தைத்தான் அடித்தேன் என்று சொல்லலாம். மூன்று தடவை செய்து காட்டினேன். நாற்பத்திரண்டு வயதில், தூறலில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. என் தோளுக்கு அது மறக்கவே இல்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஏறியது. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

அவள் இரண்டு தடவை செய்து பார்த்தாள். "இப்படிங்களா?" என்றாள். "இன்னும் மேல கொண்டு போ" என்றேன்.

மூன்றாவது ஞாயிறு வெயில். கம்பனி மனேஜர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நடுக் கதிரையில் உட்கார்ந்தார். சில பெண்களின் வீட்டாரும் வந்திருந்தார்கள். கலஹாப் பெண்ணின் தாய் மைதானத்தின் ஓரத்தில் குடையை விரித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிப்பவள் என்று விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. மகள் பந்தை எடுக்கும்போதெல்லாம் அவள் வாய் தானாகத் திறந்து மூடியது.

அரைமணி நேர ஆட்டத்தில் அந்த மகள் மூன்று கோல் போட்டாள். மனேஜர் கூடக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அதன்பிறகு பயிற்றுவிப்பாளர் சுண்ணாம்புக் கட்டத்தைக் காட்டி, "இனித்தான் சேர் உண்மையான விளையாட்டு" என்றார். நான் சொன்னபடியே இருவரையும் எதிரெதிரே விட்டார்.

முதல் முப்பது விநாடி ஒன்றும் நடக்கவில்லை. கலஹாப் பெண் வழக்கம்போல ஒதுங்கி ஒதுங்கிப் பந்தை வைத்துக்கொண்டாள். அவளைவிட உடம்பில் பெரியவளான மடுல்கெல்லப் பெண் இரண்டு தடவை தடுமாறினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். பெரியவள் ஒரு கணம் என் பக்கம் திரும்பினாள். பிறகு அடித்தாள்.

நான் காட்டியதைவிடச் சுத்தமாகச் செய்தாள். மட்டை பந்தில் பட்டது, நிற்கவில்லை, தோளோடு சேர்ந்து மேலே போனது. பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து முறித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. கலஹாப் பெண்ணின் தலை பக்கவாட்டில் திரும்பியது, பின்னல் ஒன்று முகத்தைச் சுற்றி அடித்தது. அவள் கத்தவில்லை. முழந்தாளிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கன்னத்தை ஏந்திக்கொண்டாள். விரல் இடுக்குகளால் இரத்தம் முழங்கைக்கு ஓடி, அங்கிருந்து சுண்ணாம்புக் கோட்டின் மேல் சொட்டியது.

"ஹரி!" என்று பயிற்றுவிப்பாளர் கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. சரி, அப்படித்தான் என்று அர்த்தம். இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அவர் வாய் மூடியது.

அடித்தவள் விழுந்தவளைப் பார்க்கவில்லை. மட்டையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாய் எப்போது எழுந்தாள், எப்படி அவ்வளவு தூரத்தைக் கடந்தாள் என்று தெரியாது. மகளிடம் போகவில்லை. நேரே பெரியவளிடம் போனாள். கையிலிருந்த குடையை மடக்கி, அதாலேயே அடிக்கத் தொடங்கினாள். தலையில், கழுத்தில், கையில். "என் புள்ளையக் கொன்னுட்டியேடி, கொன்னுட்டியேடி" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை சொன்னாள். குடைக் கம்பிகள் வெளியே வந்து பெண்ணின் முன்கையில் கோடு கோடாகக் கிழித்தன. அந்தப் பெரிய கைகளை அவள் தடுக்கக்கூடத் தூக்கவில்லை.

பயிற்றுவிப்பாளர் உள்ளே ஓடினார். தாயின் கொண்டையைப் பிடித்து இழுத்தார். அவள் மல்லாக்க விழுந்தாள். விழுந்தவள் அவர் காலைப் பிடித்தாள், உதறுவதற்காகவோ கோபத்தாலோ அவர் அவள் இடுப்பில் ஓர் உதை விட்டார். சப்பாத்தின் அடியில் இருந்த குமிழ்கள் அவள் வெள்ளை ரவிக்கையில் மண் வட்டங்களாகப் பதிந்தன. அடுத்த உதைக்குக் கால் பின்னால் போயிற்று.

கலஹாப் பெண்ணின் மட்டை புல்லில் கிடந்தது. எடுத்தேன். அவர் ஊன்றி நின்ற காலின் முழங்காலில் அடித்தேன். அவர் சரிந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாய் தப்பிவிட்டாள், அவர் தரையில் இருந்தார், என்னை நோக்கிக் கையை நீட்டி "நங்கி" என்றார். அதே முழங்காலில் இன்னொரு தடவை அடித்தேன். முதல் அடி அந்தத் தாய்க்காக. இரண்டாவது அடி எனக்குத் தேவையாக இருந்தது. அது விழுந்த இடத்தில் மட்டையின் வழியாக என் கைக்கு ஏறிய அதிர்வை நான் அனுபவித்தேன்.

பிறகு மைதானமே ஒன்றாகக் கத்தியது. மனேஜர் தன் வாகனத்தை நோக்கி நடந்துகொண்டே யாருக்கோ தொலைபேசியில் பேசினார். நானும் தாயும் மகளை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அந்தப் பெண் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினாள். தாய் தன் முந்தானையைச் சுருட்டி அவள் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து, "நல்லவேள நீங்க இருந்தீங்க, மிஸ். இல்லாட்டி அந்தாளு என்னையும் கொன்னுருப்பான்" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கன்னத்து எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைக்க வேண்டும் என்றார்கள். மகளை உள்ளே கொண்டுபோன பிறகு நாங்கள் இருவரும் நடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பின்னேரம் நாலு மணி இருக்கும். மடுல்கெல்லப் பெண் நடையின் கடைசியில் வந்து நின்றாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். முன்கையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஆட்டச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

தாய் எழுந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"அவள அடிக்காதீங்க" என்றேன். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"என்னா சொன்னீங்க?"

"அப்படி அடிக்கச் சொல்லி நாந்தான் செஞ்சு காட்டுனேன். போன ஞாயித்துக்கிழம. அவ கேட்டா, அடிக்கலாமான்னு. நான் அடின்னேன்."

தாய் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி என்னைப் பார்த்தாள். செருப்பைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் என் வாயில் அறைந்தாள். கொழுந்து பறித்துக் காய்த்த கை. பொய்ப்பல் தகடு கழன்று தரையில் விழுந்து வாங்குக்கு அடியில் ஓடியது. நடையில் இருந்த நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். நான் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தேன்.

மடுல்கெல்லப் பெண்தான் குனிந்து தகட்டைத் தேடி எடுத்தாள். தன் சட்டை நுனியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

அடுத்த வாரம் பொலிஸில் விசாரணை. பயிற்றுவிப்பாளர் ஊன்றுகோலோடு வந்தார். அவர் என்மேல் முறைப்பாடு கொடுத்திருந்தார், தாய் அவர்மேல் கொடுத்திருந்தாள். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் என்னைத் தனியாக மரத்தடிக்கு அழைத்தார்.

"நங்கி, பழையத மறப்போம். நான் உன்மேல குடுத்தத வாபஸ் வாங்குறேன், அந்தப் பொம்பளையும் வாங்கட்டும். நீ ஒரு கடிதம் மட்டும் எழுதிக் குடு. அந்தப் பிள்ள சொல்லு கேக்காம, தன்ர கோவத்துல அடிச்சிட்டான்னு. கம்பனிக்கு அது போதும்."

"அப்ப அவளுக்கு?"

"அவளுக்கு என்ன? தோட்டத்துக்குத் திரும்பிப் போவா."

எனக்குத் துணிச்சல் இருந்தது என்று சொல்லமாட்டேன். அரசாங்க வேலை, பொலிஸ் வழக்கு என்றால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி நடையில் ஒரு தடவை சொன்னதை இங்கே மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் இரண்டு பக்கம் வாக்குமூலம் கொடுத்தேன். சுண்ணாம்புக் கட்டம், விசில் இல்லாத இரண்டு நிமிடம், கடைசிக் கட்டத்து மார்க்ஸ், நான் செய்து காட்டியது, நான் அடித்த இரண்டு அடி. எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் நிமிர்ந்து, "ரெண்டாவது அடியையும் எழுதணுமா, மிஸ்?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றேன்.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டம் கட்டினேன். அலுவலகத்தில் விசாரணை வைத்து என் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், வேலை தப்பியது. தாயை உதைத்ததற்காகப் பயிற்றுவிப்பாளருக்கும் தண்டம் விழுந்தது. கம்பனி அவரைப் பெண்கள் அணியிலிருந்து எடுத்து ஆண்கள் அணிக்கு மாற்றியது. அவர் இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மடுல்கெல்லப் பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். கவுண்டரில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு கடித உறையை என்முன் வைத்தாள். கம்பனியின் வேலைக் கடிதம். அவளை எடுத்திருந்தார்கள். நாலு பேரில் முதல் பெயர் அவளுடையது.

"எப்படி?" என்றேன்.

"மார்க்ஸ் பார்த்து எடுத்தாங்களாம். புது கோச் சேர் சொன்னாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு அடிச்சத மனேஜர் சேர் போன்ல வீடியோ எடுத்து வச்சிருந்தாராம். அதையும் போட்டுப் பார்த்தாங்களாம்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நகரவில்லை.

"போகவா மிஸ்?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா."

"அன்னிக்கு மட்டும் சொன்னீங்க."

அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு போனாள். வேலையில் சேர்ந்தாள். போன வருடம் ஓர் ஆட்டம் இணையத்தில் ஓடியது, பார்த்தேன். உடம்பு இன்னும் பெருத்திருந்தது. வர்ணனையாளர் அவளை 'மதில்' என்றார். இரண்டாவது பாதியில் ஒரு பெண் அவளைத் தாண்டப் போனாள், நான் திரையை அணைத்துவிட்டேன். அதன்பிறகு அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை பார்க்கவில்லை.

கலஹாப் பெண் வந்தது அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் கழித்து. கிளினிக்குக்கு வந்தவள் என் அலுவலகத்தை விசாரித்துக்கொண்டு தனியாக வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்னம் சற்று உள்வாங்கியிருந்தது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று. கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் வாயின் வலது பக்கத்தால் குடித்தாள்.

"மிஸ், எனக்கு எத்தன மார்க்ஸ் போட்டீங்க?"

"எல்லாத்துலயும் ஒம்பது, எட்டு."

"கடைசியில?"

"மூணு."

"எதுக்கு மூணு?"

"நீ ஒதுங்கினதுக்கு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கும் கொஞ்சம் ஒதுங்கினேன் மிஸ். மட்டை வர்றது தெரிஞ்சிச்சு. அப்படித் திரும்பாட்டி கண்ணு போயிருக்கும்னு டொக்டர் சொன்னாரு."

தேநீர்க் கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை ஏற்றதாகவும் காட்டவில்லை, மறுத்ததாகவும் காட்டவில்லை. வந்த காரியத்தைச் சொன்னாள். கலஹாவில் சில பெண்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருக்கிறார்களாம். சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது. ஆடவேண்டும் போலிருக்கிறது. ஆனால் பந்து தரையைவிட்டு எழும்பினால் கண் தானாக மூடிக்கொள்கிறது. அவளோடு ஆடும் பெண்கள் பாவம் பார்த்து மெதுவாகவே அடிக்கிறார்கள்.

"நீங்க வந்து அடிங்க மிஸ். நீங்க பாவம் பாக்கமாட்டீங்க."

நான் போனேன். சனிக்கிழமைக் காலைகளில் பஸ் ஏறி, தோட்டப் பாடசாலை மைதானத்துக்கு. அவள் முகத்துக்குக் கம்பிக் கூடு போட்டுக்கொண்டு முப்பது அடி தள்ளி நிற்பாள். நான் பந்துகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக அடிப்பேன். முதலில் தரையோடு, பிறகு முழங்கால் உயரம், பிறகு இடுப்பு. தாயும் ஒவ்வொரு சனியும் வந்தாள். மகளுக்குப் பக்கத்தில் அல்ல, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மட்டை எழும்பும்போதெல்லாம் அவளும் பாதி எழும்புவாள். "தாழ அடிங்க" என்பாள். வேறு எதுவும் என்னோடு பேசமாட்டாள்.

பல வாரம் ஒன்றும் மாறவில்லை. பந்து எழும்பினால் கண் மூடும், பந்து உடம்பில் பட்டுத் தெறிக்கும். அவள் தொடையும் தோளும் நீலம் பாரித்திருந்தன. நான் நிறுத்தலாமா என்று கேட்டால் தலையை ஆட்டி, மறுபடி போய் நிற்பாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் அடித்த பந்து ஒரு கல்லில் பட்டுத் துள்ளி நேராக அவள் முகத்துக்குப் போயிற்று. தாய் கத்தினாள். அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அரையடி ஒதுங்கி, பந்தை மட்டையால் கீழே அமுக்கி நிறுத்தினாள். சத்தமே வரவில்லை. ஒரு கணம் அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையாலும் மட்டையை ஓங்கி, முழு உடம்பையும் சேர்த்து, அதை என்மேல் அடித்தாள்.

கணுக்கால் எலும்பில் பட்டது. கண்ணுக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. புல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் அங்கேயே நின்றாள், மூச்சு வாங்கியது, கூட்டுக்குள் முகம் சிவந்திருந்தது. ஓடி வரவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை.

தாய் எழுந்து வந்தாள். என்னைத் தூக்கிவிடப் போகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் என் காலடியில் மிச்சமிருந்த பந்துகளைக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். மடியில் போட்டுக்கொண்டு மகளிடம் நடந்துபோய், அவளுக்கு முன்னால் வரிசையாக வைத்தாள்.

நான் மட்டையை ஊன்றி எழுந்து நின்றேன்.